குளிர் நாட்டில் மின்சார கார்

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் கார் ஏர்கோன் பட்டறை வைத்திருக்கிறேன். குளிரூட்டுவதுதான் தொழில், ஆனால் இன்று சூடேற்றுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் நம் பிள்ளைகள். பால்மரம் வெட்டிப் படிக்கவைத்த குடும்பங்களின் பிள்ளைகள் நார்வேயிலும் கனடாவிலும் மின்சார கார் ஓட்டுகிறார்கள். ஜனவரி வந்தால் வீட்டுக்கு போன் போட்டு, "முழு சார்ஜ் ஏற்றியும் பாதி தூரம்தான் போகுதுப்பா, பேட்டரி கெட்டுப்போச்சா?" என்று கேட்கிறார்கள்.

பேட்டரி கெடவில்லை. குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிறது, அது உண்மை. ஆனால் கரண்டை அதிகம் தின்பது ஹீட்டர்தான். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் ஒரு சோதனைக் கணக்கை வெளியிட்டது. சுமார் மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது தூரம் சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. ஹீட்டர் போட்டதும் 41 விழுக்காடு! பெட்ரோல் காரில் இஞ்சின் எப்படியும் கொதிக்கும், அந்தச் சூட்டை உள்ளே திருப்பிவிட்டால் போதும். மின்சார காரில் சூட்டுக்கென்று பேட்டரியில் கைவைக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஹீட் பம்ப் வருகிறது. கடைத்தெருவில் நடக்கும்போது ஏர்கோன் பெட்டியிலிருந்து காலில் சூடான காற்று அடிக்குமே, அது கடைக்குள்ளிருந்து வெளியேற்றிய சூடு. ஏர்கோன் செய்வது சூட்டை இடம் மாற்றுவதுதான். அதையே திருப்பி ஓட்டினால் வெளியிலுள்ள சூடு காருக்குள் வரும், அதுதான் ஹீட் பம்ப். "உறைபனியில் ஏதுண்ணே சூடு?" என்று பட்டறைப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. நாம் கார் ஏர்கோனில் அடைக்கும் ஆர்134ஏ கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய் கழன்று அது விரலில் பீச்சினால் நெருப்புப் பட்டதுபோல் எரியும், அவ்வளவு குளிர்ச்சி. அந்த கேஸுக்கு மைனஸ் 5 டிகிரிக் காற்றும் சூடுதான், அதிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண ஹீட்டரில் ஒரு பங்கு கரண்டுக்கு ஒரு பங்கு சூடு. ஹீட் பம்பில் இரண்டு, மூன்று பங்குகூடக் கிடைக்கும். குளிர் கடுமையானால் அந்த லாபம் குறையும், சரி. ஆனாலும் கார் வாங்கப்போகும் பிள்ளையிடம் சொல்லுங்கள், முதலில் கேட்கவேண்டியது ஹீட் பம்ப் இருக்கிறதா என்பதைத்தான்.

இல்லாத காரா? இருக்கைச் சூட்டைப் போட்டுக்கொண்டு ஹீட்டரைக் குறைக்கட்டும். ஓர் இருக்கைக்குச் சுமார் 100 வாட்தான் செலவு, ஹீட்டரோ ஆரம்பத்தில் சில ஆயிரம் வாட் இழுக்கும். அப்புறம், சார்ஜர் வயரைப் பிடுங்குவதற்கு முன்பே காரைச் சூடேற்றிவிட வேண்டும். அந்தக் கரண்டு வீட்டுக் கணக்கில் போகும், பேட்டரியில் இருப்பது பயணத்துக்கு மிஞ்சும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. டயர் காற்று குளிரில் இறங்கும், அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். சில்லிட்ட பேட்டரியில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். அதனால் வழியில் வேகச் சார்ஜருக்குப் போவதானால், அந்த இடத்தை காரின் வழிகாட்டித் திரையில் போட்டுவிட்டுக் கிளம்பட்டும். பல கார்கள் போகும்போதே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். நன்றி, வணக்கம்.