லாலாங்கை வெட்டினால் போய்விடுமா?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. பினாங்கில் அந்தக் கொஞ்ச மண்ணையும் லாலாங் என்கிற முரட்டுப் புல் விடுவதில்லை. போன வாரம்தான் ஆள் வைத்து வெட்டியிருப்பீர்கள், ஒரு மழை பெய்ததும் ஊசி ஊசியாகக் கிளம்பியிருக்கும்.

ஒரு கொத்தை மண்வெட்டியால் புரட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளை வெளேரென்று, கணுக்கணுவாக ஒரு தண்டு ஓடும். நுனி கையில் குத்தும், பக்கத்திலிருக்கும் கிழங்கையே துளைத்துக்கொண்டு போகிற கூர்மை அதற்கு. அதைக் கொத்தித் துண்டாக்கினால் கணுவுள்ள துண்டெல்லாம் தனித்தனியாக முளைக்கும். கொளுத்தினால் இன்னும் மோசம், மேலே எரியும், மண்ணுக்குள் சூடு போகாது, அப்புறம் வெள்ளைப் பூ விட்டு விதையைக் காற்றில் பறக்கவிடும்.

சரி, என்னதான் செய்வது? எஸ்டேட்டில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், லாலாங் என்றால் கங்காணி முதல் துரை வரை தலைவலி. ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்ற பாஷாணத்தையே கரைத்து அடித்தார்கள், அடித்தவர்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர், அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். ஆனால் கன்று வரிசைகளுக்கு நடுவே புயரேரியா, கலப்போகோனியம் என்று அவரை இனக் கொடிகளைப் படரவிட்டார்களே, நான் அந்தக் கட்சி. லாலாங்குக்கு வெயில் வேண்டும். கொடி மூடி நிழல் விழுந்தால் இலை வெளுக்கும், அடித்தண்டில் சேர்த்து வைத்த சத்து தீரும். மரங்கள் கிளை கூடி நிற்கும் தோட்டத்துக்குள் லாலாங்கைத் தேடினாலும் கிடைப்பது அரிது, வெளிச்சம் விழும் ஓரத்தில்தான் நிற்கும். திரும்பவும் சொல்கிறேன், நிழல்.

வீட்டில் கொடிக்குப் பதில் அட்டை. புல்லைத் தரையோடு வெட்டிவிட்டு, ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, மேலே சருகைக் கனமாகப் போடுங்கள். ஓரத்தில் எட்டிப்பார்க்கும் முளையை இலை விரியும் முன்பே கிள்ளிவிடுங்கள், விரியவிட்டால் அது அடித்தண்டுக்குச் சோறு போட ஆரம்பித்துவிடும். சில மாதம் பொறுங்கள். அட்டை மக்கியதும் சர்க்கரைவள்ளிக் கொடியை ஓடவிடுங்கள், நிழலும் ஆச்சு, கீரையும் ஆச்சு.

கோரைக்கு இது பத்தாது, பிளாஸ்டிக்கையே துளைத்துக்கொண்டு வரும், கிழங்கோடு தோண்ட வேண்டியதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சு என்று கை காட்டுகிறார்கள். களைக்கொல்லி மருந்து பற்றி நிறையக் குறித்து வந்தேன், இப்போது ஒன்றே ஒன்று: பாராகுவாட் என்ற மருந்துக்கு 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை, பழைய போத்தல் கிடந்தாலும் அடிக்காதீர்கள், அது இலையைத்தான் கருக்கும், அடித்தண்டு அப்படியே இருக்கும். அப்புறம் மஞ்சள் பூ வெடேலியா, அழகுக்கு நட்டிருப்பீர்கள், வெட்டிய தண்டைக் கால்வாயில் வீசாதீர்கள், கணு பட்ட இடத்தில் வேர் விட்டுவிடும், பையில் கட்டிக் குப்பை லாரிக்குக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.