உன் வேலைக்காரியானாலும்

(பாளையங்கோட்டையில், சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சேகரத் தலைவர் ஐயா அவர்களே, காலையிலிருந்து மூன்று ஆலயங்களில் திருவிருந்து ஆராதனை நடத்திவிட்டு, களைப்பைச் சற்றும் காட்டாமல் மேடையில் அமர்ந்திருக்கும் குருவானவர்களே, பந்தல், மின்விளக்கு, இந்த ஒலிபெருக்கி ஆகிய அனைத்தையும் தம் குடும்பத்தின் காணிக்கையாக அளித்து, தம் பெயரைச் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளையும் இட்டிருக்கும் பெரியவர் அவர்களே, எங்கள் பள்ளியின் கடைசி பெஞ்சில் அமர்ந்து என்னிடம் தமிழ் படித்தவரும், இன்று என் நாற்காலியைவிட உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவருமான தாளாளர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, சங்கத்தின் பெயரால் வீடு வீடாகக் கைப்பிடி அரிசி திரட்டும் சகோதரிகளே, வாலிபர் சங்கத் தம்பிமாரே, அசனச் சாப்பாட்டின் மணம் வரும் திசையை ஏற்கெனவே திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்ட அன்பர்களே, உங்கள் எல்லாருக்கும் என் தோத்திரமும் வணக்கமும்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘அன்றாட வாழ்வில் விசுவாசம்’. தந்த நேரம் முப்பது நிமிடம். தலைவர் ஐயா முன்னால் ஒரு மணி இருக்கிறது. அது எப்போது ஒலிக்கும் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். வீட்டில் விசுவாசம், கடைவீதியில் விசுவாசம், அலுவலகத்தில் விசுவாசம் என்று மூன்று பிரிவாகப் பேசலாம் என்று குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். அந்தக் காலத்தில் மாணவர்கள் எனக்கு ‘சுரைக்காய் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இலக்கணம் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுக் கடிதம் எழுதச் சொன்னால் திணறும் பிள்ளையைப் பார்த்து, ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நான் சொல்லாத நாள் இருந்திருக்காது. இன்றும் அந்தச் சுரைக்காயைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், “அப்படியே விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்” என்று எழுதுகிறாரே, அதுவும் நம் ஊர்ச் சுரைக்காய்தான்.

முதல் பிரிவாகிய வீட்டுக்கு வருகிறேன். 1780ஆம் ஆண்டு இதே பாளையங்கோட்டையில் சபைப் பதிவேடு ஒன்று எழுதப்பட்டது. அதில் நாற்பது பெயர்கள் இருந்தன. முதற்பெயர் குளோரிந்தா என்ற விதவைப் பெண்ணுடையது. 1785இல் அந்த அம்மையார் கட்டியெழுப்பிய ஆலயத்தை நாம் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அழைக்கிறோம். பிராமண குலத்தில் பிறந்த அவருடைய பெயரும் வேறு பல சாதியாருடைய பெயர்களும் ஒரே ஏட்டில், ஒரே மையில் எழுதப்பட்டன என்பதை நான் பெருமையாக எண்ணுவது உண்டு. ஆனால் அந்தப் பதிவேட்டில் பெயர் எழுதியதோடு கதை முடிந்துவிடுமா? அவரவர் வீட்டு அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் என்ன நடந்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. அதனால் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீடு கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கும் முறை என்னுடையதாக இருந்தது. யாத்திராகமம் இருபதாம் அதிகாரம், பத்துக் கட்டளைகள். தமிழாசிரியன் கையில் அப்படி ஒரு பகுதி கிடைத்தால் விடுவானா? வெள்ளை வேட்டியும் துண்டுமாகப் போய் நின்று, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உயர்த்த வேண்டிய இடத்தில் குரலை உயர்த்தி, ஓய்வுநாளில் யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது என்னும் கட்டளைக்கு வந்ததும், “அதிலே நீயானாலும், உன் குமாரனானாலும், உன் குமாரத்தியானாலும், உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும்” என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்த ‘ஆனாலும்’ ஒவ்வொன்றும் உத்தரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். ஒரு பெரியவர், “மோசே நேரில் வந்து வாசித்ததுபோல் இருந்தது” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

அந்த வாழ்த்துகளைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து, கைகால் கழுவுவதற்காகக் கொல்லைப்புறம் போனேன். எங்கள் வீட்டில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்யும் அம்மாள், அரிவாள்மணையில் அமர்ந்து சீலா மீன் அரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் சட்டி நிறைய தண்ணீர். புறங்கையில் செதில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “சார், இன்னைக்கு நீங்கதான வாசிச்சிய? கொழாயில நல்லா கேட்டுது” என்றார். நம் கோயில் கூம்பு ஒலிபெருக்கி அடுத்த மூன்று தெருவுக்கும் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காவல் நிலையத்துக்கும் தெரியும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்றாவது பாராட்டு அல்லவா! “புரிந்ததா அம்மா?” என்று கேட்டேன். அதுதான் நான் செய்த பிழை.

“புரிஞ்சுது சார். நடுவுல வேலைக்காரின்னு ஒரு எடத்துல வந்துதே, அது யாரைச் சொல்லுது?”

சமையலறையில் என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்த ஓசை நின்றுவிட்டது. நான் அந்த அம்மாளுக்கு இஸ்ரவேல் மக்களின் வரலாற்றைச் சொன்னேன். எகிப்தின் அடிமைத்தனத்தைச் சொன்னேன். பழைய ஏற்பாட்டுப் பிரமாணத்துக்கும் புதிய ஏற்பாட்டுக் கிருபைக்கும் உள்ள வேறுபாட்டையும் விளக்கத் தொடங்கினேன். அவர் அரிவதை நிறுத்திவிட்டு, மரியாதையாக, முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “அப்ப இந்த மீனை அரிஞ்சு வச்சிட்டுப் போகட்டா, இப்படியே போட்டுட்டுப் போகட்டா?” என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை, அன்பர்களே. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? “அரிந்து வைத்துவிட்டுப் போங்கள்” என்றேன். அன்று மீன்குழம்பு சாப்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நன்றாகவே இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோதுதான் கணக்குப் பார்த்தேன். ஆண்டுக்கு 52 ஞாயிறு, பதினொரு ஆண்டுக்கு 572. அவர் வீட்டு விசேஷங்களுக்கும் துக்கங்களுக்கும் எடுத்த நாள்களைக் கழித்தாலும், ஐந்நூறு முறைக்குக் குறையாமல் நான் ஆராதனை முடிந்து திரும்பியபோது அவர் என் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். ஏட்டுச் சுரைக்காயை நான் குழாய் வைத்து மூன்று தெருவுக்கு விநியோகம் செய்திருக்கிறேன்.

மறுநாள் அவரிடம், இனி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், சம்பளத்தில் பிடித்தம் கிடையாது என்று சொன்னோம். அவர் மகிழ்ந்து கும்பிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர், “ஒங்க வீட்டுல மட்டும் லீவு தந்தா என்ன செய்ய சார்? மத்த மூணு வீட்டுக்கும் வந்துதான ஆவணும்” என்றார். அவர் பார்ப்பது நான்கு வீடு. நான்கில் ஒன்று விடுமுறை தந்தால் அவருக்குக் கிடைப்பது ஓய்வுநாள் ஆகாது, முக்கால் மணி நேரம்தான் மிச்சம். அந்த மூன்று வீடுகளில் இரண்டு நம் சபையைச் சேர்ந்தவை. இதைத் தனி வீட்டுப் பக்தியாக வைத்துக்கொண்டு பயனில்லை, தெருவாகச் சேர்ந்து, சபையாகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். இதைச் சொல்லத்தான் நான் எந்த மேடைக்கு அழைத்தாலும் போகிறேன். இன்றைய தலைப்பு வேறாக இருந்திருந்தாலும் இதற்குத்தான் வந்து சேர்ந்திருப்பேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஊழியம்’ என்றால் நமக்குத் திருப்பணி, அருட்பணி. ஊழியக்காரர் என்று சொல்லி எழுந்து நிற்கிறோம். நம் தெற்கே, பழைய திருவிதாங்கூரில், அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கு அங்கே ஊழியம் என்று பெயர். எளிய சாதி மக்களை வயலிலிருந்தும் குடிசையிலிருந்தும் இழுத்துப்போய்ச் சுமக்க வைத்தார்கள். 1806இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சபை தொடங்கிய பின், ஞாயிற்றுக்கிழமையிலாவது அந்த ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களை விலக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, அங்கே இருந்த மன்றோவின் காலத்தில் அந்த விலக்கு கிடைத்தது. நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவியான மால்ட் அம்மையார் 1821இல் லேஸ் பின்னல் வேலை கற்றுக்கொடுத்தபோது, அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்த லேஸ் விற்ற கூலியைச் சேர்த்தே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பதும், செய்த வேலைக்குக் கூலி என்பதும் நம் முன்னோர் சிலருக்கு வேதபாடமாக வருமுன்னே உயிர்மூச்சாக வந்தவை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சேலையோடு கோயிலுக்குப் போகும்போது, அந்தச் சேலையை இஸ்திரி போட்டவர் நம் வீட்டு முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் கிறிஸ்தவர் அல்லவே, அவருக்கு ஏன் ஞாயிறு என்று போன மாதம் ஒருவர் என்னிடம் கேட்டார். கட்டளையில் வரும் அந்தப் பட்டியலின் கடைசியை அவர் வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். ‘உன் வாசல்களில் இருக்கிற அந்நியனானாலும்’ என்றுதான் அது முடிகிறது. மிருகஜீவனுக்குக்கூட அதில் இடம் உண்டு. ‘ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது’ என்று இயேசு சொன்னபோது, அந்த மனுஷன் எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன் என்று அவர் கேட்கவில்லை.

வேதத்தை விட்டு உலக வழக்குக்கு வந்தாலும் இதே செய்திதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்தில் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் அமைந்தது. ஆனால் நம் வீட்டில் வேலை செய்பவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் கேட்டதில்லை, அந்த மீன் நாள் வரை.

பெண்களின் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கார அம்மாளுக்கு ஞாயிறு விடுமுறை என்றால், அந்த வேலை வீட்டுக்காரியின் தலையில் விழும் என்று பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் கண்ட விடை, ஆண்கள் பாத்திரம் கழுவ வேண்டும் என்பதுதான். நான் கழுவுகிறேன். முதல் மாதம் இரண்டு பீங்கான் தட்டு உடைந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது, சனிக்கிழமை வைத்த புளிக்குழம்புதான். புளிக்குழம்பு மறுநாள் கூடுதல் ருசி என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கறிக்கு உதவாத சுரைக்காயைவிடப் பழைய குழம்பு எவ்வளவோ மேல்.

மணி அடித்துவிட்டது. தலைவர் ஐயா இரண்டாம் முறை அடிக்கும் முன் மற்ற இரண்டு பிரிவுகளையும் தொட்டுவிடுகிறேன். கடைவீதியில் தராசு. அதைப் பற்றி நீதிமொழிகள் சொல்லியிருப்பதை இங்கே கடை வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் லஞ்சம். அதற்கு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டே கைக்கூலி வாங்குவோரைப் பாட்டில் வைத்துச் சாடிய கத்தோலிக்கப் பெரியவர் அவர். அடுத்த ஆண்டு அழைத்தால் அவரை அழைத்து வருகிறேன்.

இரண்டு வேண்டுகோள்கள் மட்டும். ஒன்று, வாசலில் புத்தகக் கடை மேசையின் ஓரத்தில் நீலநிற அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை தர இசைகிற குடும்பத்தார் தெருவின் பெயரோடு அதில் எழுதுங்கள். ஒரே தெருவில் நான்கு வீடு சேர்ந்துவிட்டால் ஒருவருக்கு முழு ஞாயிறு கிடைக்கும். இதுவரை பதினேழு பெயர் உண்டு, அதில் என் பெயரும் ஒன்று. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், போன முறை வைத்ததை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

இன்னொன்று, இன்றைய அசனத்தைப் பற்றியது. பந்தலுக்குப் பின்னால் அண்டாக்களைக் கழுவ ஆறு பெண்கள் மாலையிலிருந்தே வந்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கூலியை வழக்கம்போல் கணக்கு முடித்து வியாழக்கிழமை கொடுக்கலாம் என்று இருந்ததாக அறிந்தேன். லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தில், “கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது” என்று இருக்கிறது. பொருளாளர் ஐயா கூட்டத்தில் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை... அதோ, கை தூக்குகிறார்கள். இன்றிரவே கொடுத்துவிடுவதாகத் தலையசைக்கிறார்கள். நன்றி ஐயா. பந்திக்குப் போகலாம்.