மாத்திரை மனசுக்கு, வியர்வை எதற்கு?

வணக்கம். மனச்சோர்வுக்குச் சாப்பிடுகிற மாத்திரையால் கொட்டாவி வரும் என்று சொன்னால் நம்புவீர்களா? நான் சொல்வது தூக்கக் கொட்டாவியை அல்ல. ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தவர், காலை பத்து மணிக்கு, எதிரே ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பிளக்கிறார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும். பேசுகிறவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும், இவருக்கோ காரணம் தெரியாது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்சிடின் வகை மாத்திரைகளில் இது தெரிந்த பக்கவிளைவுதான்.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிற பலதை, மருந்து கொடுக்கிற ஜன்னலில் சொல்லிவிடுவார்கள். "சாரே, இந்த மாத்திரை தொடங்கின பிறகுதான் இப்படி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டுமா?" என்பார்கள். பெரும்பாலும் சம்பந்தம் உண்டு.

எப்படி என்றால், இந்த மாத்திரைகள் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மேல் வேலை செய்கின்றன. மூளைக்குள் நடக்கிற விஷயம் என்று நாம் நினைப்போம். ஆனால் உடம்பில் இருக்கிற செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களும் அதைச் சுமக்கின்றன. 'நீ மூளைக்கு மட்டும் போ' என்று மாத்திரைக்கு விலாசம் எழுதி அனுப்ப முடியாது.

அதனால்தான் முதல் வாரத்தில் ஓக்காளமும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குறையும், ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இதை டாக்டரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். ஆட்களைக் குழப்புவது அவர் சொல்ல நேரமில்லாமல் போகிற மற்றவைதான்.

வியர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது அதிகமாக வியர்க்கும். தலையும் பிடரியும் நனைந்து வழியும், ராத்திரி தலையணை உறை ஈரமாகும். நம்மூர்ச் சித்திரைப் புழுக்கத்தில் இதை யார் கவனிப்பார்கள்? கவனித்தவரும் சர்க்கரை பார்ப்பார், ஈ.சி.ஜி. எடுப்பார், தைராய்டு பார்ப்பார். பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த டாக்டரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல மாட்டார். மனசுக்கு மருந்து சாப்பிடுவது வெளியே தெரிந்தால் 'பிராந்து' என்று பட்டம் கட்டிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தால் ஆகிற வீண்செலவு கொஞ்சநஞ்சம் இல்லை.

தாடையும் அப்படித்தான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது சிலருக்கு இந்த மாத்திரையால் வரும். காலையில் எழுந்தால் தாடை வலி, காதுப்பக்கம் வலி. நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லிப் பல் டாக்டரிடம் போய் நின்றவர்களும் உண்டு.

அப்புறம் கை நடுக்கம். சும்மா பார்த்தால் தெரியாது, அவ்வளவு மெல்லிய நடுக்கம். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய விஷயமாக இருக்காது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு அப்படியில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையை மெல்லிசாகச் சீவி எடுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழம் போனால் உள்தடியில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் திரும்ப வளரும். தோட்டக்காரர் சும்மா விடுவாரா? அப்படிப்பட்டவர் தன் தொழிலை டாக்டரிடம் சொன்னால் போதும். அளவைக் குறைக்கவோ மாத்திரையை மாற்றவோ வழியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் தொந்தரவு. இனி சொல்வது ஆபத்து. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

எழுபது வயதுத் தாயார் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் போன பிறகு சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து அம்மைக்கு ஒரே தளர்ச்சி. தலை கிறங்குகிறது, நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறார், பேச்சில் முன்னுக்குப் பின் முரண். பிள்ளைகள் 'நோய் கூடிவிட்டது' என்பார்கள், இல்லாவிட்டால் 'வயசாயிட்டு, மறதி வந்துட்டு' என்பார்கள். உண்மையில் ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கக் கூடும். சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. இந்த மாத்திரைகள் சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, தண்ணீரை வெளியே விடாமல் தடுக்கிற ஹார்மோனைக் கூட்டிவிடும். உடம்பில் தண்ணீர் தேங்கி, சோடியம் நீர்த்துப்போகும். ரொம்ப இறங்கினால் வலிப்பு, மயக்கம் வரை போகும்.

இதோடு ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் மாதிரி நீர் பிரிக்கிற பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடுதல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டுக்கு வருகிற மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காத வீடுகள் உண்டு. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மனநல டாக்டர் கேட்டால், "ஒண்ணும் இல்ல சாரே" என்று பதில் வரும்.

தளர்ச்சி என்றதும் நம் வீடுகளில் என்ன செய்வோம்? இளநீர், கஞ்சித் தண்ணீர், சீரக வெள்ளம் என்று மாற்றி மாற்றிக் குடிக்கக் கொடுப்போம். தேங்கியிருக்கிற தண்ணீரில் இன்னும் தண்ணீர். உப்பைக் கரைத்துக் கொடுப்பதும் சரியான வைத்தியம் ஆகாது. சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மாத்திரை தொடங்கிய முதல் மாதத்தில் வயதானவர் தள்ளாடினாலோ குழம்பினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு.

தட்டணு என்று சொன்னேன் அல்லவா? இந்த மாத்திரைகளோடு ஆஸ்பிரினோ, முட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். லேசாக இடித்த இடத்தில் நீலம் பாய்வது, ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம். மலம் கறுப்பாகத் தார்போல் போனால் காத்திருக்க வேண்டாம். வலிக்கு டிராமடால் சாப்பிடுகிறவர்களும் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து செரட்டோனின் அளவுக்கு மீறினால் காய்ச்சல், நடுக்கம், படபடப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

தான் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதே தெரியாத ஒரு கூட்டமும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதுவார்கள். சர்க்கரையால் கால் எரிகிறவருக்கு டுலோக்சிடின் எழுதுவார்கள். பேரன் போனில் பெயரைத் தேடிப் பார்த்து, "தாத்தா, இது மனநோய் மாத்திரையாக்கும்" என்று சொல்ல, தாத்தா அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார். வலிக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், அதில் சூது ஒன்றும் இல்லை. ஆனால் அமிட்ரிப்டிலினால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

வானொலியில் இதைப் பேசலாமா என்று யோசித்தேன். பேசித்தான் ஆக வேண்டும். தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் வரத் தாமதமாவது அல்லது வராமலே போவது, இவை ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அபூர்வமும் அல்ல. மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துகிறவர்களில் பலருக்கு உள்ளே இருக்கிற காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. புப்ரோபியான், மிர்டாசபின் மாதிரி இந்தத் தொல்லை குறைவான மருந்துகள் இருக்கின்றன. ஒரு வார்த்தை சொன்னால் டாக்டர் யோசிப்பார். டிராசோடோன் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிற ஆணுக்கு விறைப்பு நான்கு மணி நேரமாகியும் அடங்காவிட்டால் வெட்கம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

சரி, நிறுத்தினால் என்ன ஆகும்? தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் திரும்ப ஒரு மாதமும் ஆகும், மேலேயும் ஆகும். 2017-இல் ஒக்கிப் புயல் வந்து போன பிறகு தூக்கம் தொலைத்த வீடுகள் அந்தக் கரையில் எத்தனையோ. மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் கையில் இருபது நாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு படகு ஏறினால், நடுக்கடலில் அட்டை தீர்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் தலை சுற்றும், குமட்டும், கண்ணைத் திருப்பும்போது மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் பாய்ந்த மாதிரி இருக்கும். சிறுவயதிலிருந்து கடல் பார்த்த மனிதருக்குக் கடல்மயக்கம் வருமா? வராது. மாத்திரை திடீரென்று நின்றதால் வருவது இது. பராக்சிடின், வென்லாஃபாக்சின் என்ற மாத்திரைகள் இரண்டிலும் இது அதிகம். உடம்பில் ரொம்ப நாள் தங்குகிற ஃபுளுவாக்சிடினில் குறைவு. கடலுக்குப் போகிற நாளை முன்னாடியே டாக்டரிடம் சொல்லி, பத்து நாளுக்குக் கூடுதலாகவே வாங்கி, நனையாத டப்பாவில் போட்டு வையுங்கள். நிறுத்துவதானால் கரையில் இருக்கும்போது, அளவைப் படிப்படியாகக் குறைத்து, டாக்டர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

இளம் வயதினர் விஷயத்தில் ஒன்று. மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்போ, செத்துப்போகலாம் என்ற எண்ணமோ வந்தால் அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ராத்திரியானாலும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 இருக்கிறது, டாக்டர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நீங்களே கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. கூப்பிடும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் அளவும் அதில் இருக்கும், அதைத்தான் முதலில் கேட்பார்கள். வணக்கம்.