தேக்கடியில் கல்லாப்பெட்டி யாரிடம்?

எல்லோருக்கும் வணக்கம். காட்டுச் சுற்றுலாவில் உள்ளூர் மக்களின் பங்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் தூக்கம்தான் வரும். அதனால் தேக்கடியை எடுத்துக்கொள்கிறேன். கம்பத்தில் பஸ் ஏறினால் குமுளி. உங்களில் பலர் அங்கே படகில் போய் யானையைத் தேடியிருப்பீர்கள்.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதில் உண்டான ஏரி அது. 1978-இல் அதைச் சுற்றியுள்ள காடு பெரியாறு புலிகள் காப்பகமானது. சுற்றியிருந்த ஏழைகளுக்கு அதனால் கிடைத்தது என்ன? பெரும்பாலும் வழக்குதான். வயணப்பட்டை உரித்து விற்கிற கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. நம் பிரியாணிப் பட்டைக்குக் காட்டு உறவு இந்த வயணம். வனக்காவலர் கண்ணில் படாமல் நாள்கணக்கில் உள்ளேயே தங்கி, மரத்தைச் சாய்த்து, பட்டையைச் சுமந்து வெளியே கொண்டுவருவார்கள். எந்த ஓடையில் யானை இறங்கும், எங்கே காட்டெருமை படுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி.

1996-இல் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அப்போது வனத்துறை செய்ததை நான் பெரிய காரியம் என்பேன். பட்டைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசி, வழக்குகளைக் கைவிட வழி செய்து, அவர்களையே வழிகாட்டிகளாக்கினார்கள். சுற்றுலாக்காரர் நாலைந்து பேர் நடந்தால் கூடவே ஏறக்குறைய அத்தனை வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு காவலர். புறப்படும்போது முழங்கால் வரை கித்தான் உறையை மாட்டிவிட்டு, அதன் மேல் மூக்குப்பொடியைத் தூவுவார்கள், அட்டைக்கு! பின்னால் தமிழக எல்லைப் பக்கத்துப் பழைய வேட்டைக்காரர்களும் இப்படிக் காவலுக்கு வந்தார்கள்.

அங்கேயே வாழும் மன்னான் பழங்குடி மக்களின் குடியிருப்பில் கதை வேறு. மிளகுக்கொடி அவர்களுடையது, அதில் காய்க்கும் மிளகோ வியாபாரியுடையது. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ முன்பணம் வாங்கிவிட்டு, காய்ப்பதை அப்படியே கொடுத்துவிட வேண்டும். குழு அமைத்து அந்தக் கடனை அடைத்து, மிளகைத் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். இதற்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கடன்காரன் வாசலில் நிற்கும்போது கண் விறகுக்கட்டின் மேல்தானே போகும்?

சபரிமலையும் இதே காப்பகத்துக்குள்தான். பாதையோரக் கடைகளுக்கு அடுப்பெரிக்க மரம் வெட்டுவதைக் குறைக்க, உள்ளூர்க்காரர்களின் குழுக்களிடம் கடைகளை விட்டார்கள். விறகுக்குப் பதில் கேஸ் வந்தது. நம் ஊரிலிருந்து மாலை போட்டுப் போகிறவர்கள் அந்த டீயைக் குடித்திருக்கலாம், யார் கடை என்று தெரியாமலே.

சரி, பணத்துக்கு வருவோம். வெளிநாட்டுக் காசு தீர்ந்ததும் இந்த மாதிரிக் குழுக்களும் படுத்துவிடும், பல இடங்களில் அப்படித்தான். திட்டம் 2004-இல் முடிந்தது. இங்கே பெரியாறு அறக்கட்டளை என்று ஒன்றை ஏற்படுத்தி, நுழைவுச் சீட்டோடு சிறு கூடுதல் தொகை வாங்கி, அதை மாநிலக் கஜானாவுக்கு அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். கூட்டம் போட்டு டீ கொடுத்துக் கையெழுத்து வாங்குவதையும் 'மக்கள் பங்கேற்பு' என்றுதான் எழுதுகிறார்கள். வருகிற காசு எங்கே தங்குகிறது, செலவை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால் சாயம் வெளுத்துவிடும்.

தேக்கடியிலும் அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. கையெழுத்தும் கடைசிச் சொல்லும் இன்னும் வனத்துறை அதிகாரியிடம்தான். அப்புறம், வசந்த சேனை. 2002 முதல் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்துக் காட்டில் ரோந்து போகிறார்கள், சந்தன மரத்துக்குக் காவலாக. சம்பளம் கிடையாது. இதை மேடைக்கு மேடை புகழ்கிறார்கள், நானும் கை தட்டியவன்தான். ஆனால் வழிகாட்டும் ஆண்களுக்குக் கூலி இருக்கும்போது, காவல் காக்கும் பெண்களுக்கு மட்டும் ஏன் அது சேவை? அடுத்தமுறை அந்தப் பக்கம் போகிறவர்கள் சீட்டு கொடுக்குமிடத்திலேயே இதைக் கேளுங்கள்.