ரூட் 40: ஒரு காபியும் பனிப்போரும்

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்க நெடுஞ்சாலை, ஓரத்தில் ஒரு சிறிய உணவகம்.]

1961 ஜூன் மாதம். நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனை நோக்கி ஒரு கார் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர் ஆடம் மாலிக் சோ. விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையாத சாட் நாட்டின் தூதர். அதிபர் கென்னடியிடம் தம் நியமனப் பத்திரத்தை அளிக்கப் போகிறார். மேரிலாந்து மாநிலத்தில், ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று சாலையோர உணவகம் ஒன்றில் இறங்குகிறார்.

காபி கிடைக்கவில்லை. கறுப்பர்களுக்கு இங்கே பரிமாறுவதில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

விஷயம் வெளியே வந்து பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, உணவகத்தில் இருந்த பெண்மணி சொன்ன காரணம்: பார்ப்பதற்குச் சாதாரண கறுப்பரைப் போலத்தான் இருந்தார், தூதர் என்று தெரியவில்லை. அவர் பயன்படுத்திய இழிசொல்லை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூதர் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாராம். அப்படியானால் அந்த ஊரிலேயே பிறந்து, வரி கட்டி, போருக்கும் போய்வந்த கறுப்பின மனிதருக்கு?

[காட்சி: அமெரிக்காவின் கிழக்குக் கரை வரைபடம். நியூயார்க்கும் வாஷிங்டனும் ஒரு கோட்டால் இணைகின்றன.]

ஐ.நா. சபை இருப்பது நியூயார்க்கில், வெள்ளை மாளிகை இருப்பது வாஷிங்டனில். இரண்டு ஊருக்கும் இடையே காரில் போகிறவர்கள் டெலவேர், மேரிலாந்து மாநிலங்களில் ‘ரூட் 40’ என்ற சாலையைத்தான் பிடிக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. அத்தனை நாட்டுத் தூதர்களும் இந்தச் சாலையில் போனார்கள், வழியில் அவர்களுக்கும் பசித்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்தே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உலகைத் தம் பக்கம் இழுக்கப் போட்டியிட்டன. ‘நாங்கள் சுதந்திர உலகம்’ என்றது அமெரிக்கா. தென் மாநிலங்களிலோ பள்ளிக்கூடம், பஸ், ரயில் நிலையம், குடிநீர்க் குழாய் என எல்லாமே நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. மாஸ்கோ வானொலி இதற்காகக் கற்பனைக் கதை எதையும் புனைய வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கப் பத்திரிகையில் வந்த செய்தியை எடுத்து வாசித்தாலே போதும்.

இதை அமெரிக்க அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது, 1952 டிசம்பரில் அரசின் நீதி அமைச்சகம் தானாக முன்வந்து ஒரு மனு தாக்கல் செய்தது. நிறவெறி கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்குத் தீனி போடுகிறது என்றது அந்த மனு. தலைநகரிலேயே கறுத்த நிறமுள்ள வெளிநாட்டு விருந்தினர்களை அமெரிக்கக் கறுப்பர்கள் என்று தவறாக எண்ணி, உணவும் தங்குமிடமும் மறுக்கிறார்கள் என்றும் வருந்தியது. ‘தவறாக எண்ணி’ என்ற சொல்லில்தான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. சரியாக அடையாளம் கண்டு விரட்டப்பட்டவர்களின் வலி அந்த வரியில் எங்கே இருக்கிறது?

1954 மே 17-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பள்ளிகளில் பிரிவினை சட்டவிரோதம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அமெரிக்க அரசின் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி அதை 34 மொழிகளில் உலகுக்கு அறிவிக்கத் தொடங்கியது. வானொலிக்கு இருந்த அவசரம் பள்ளிகளுக்கு இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்தும் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய, அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. நாட்டு மக்களிடம் பேசிய அவர், நம் எதிரிகள் இதைப் பார்த்துக் களிக்கிறார்கள் என்று குறிப்பிட்டார்.

[காட்சி: இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஆரஞ்சுச் சாறு. பக்கத்தில் சில்லறைக் காசு.]

லிட்டில் ராக் சம்பவம் நடந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணில் சுற்றத் தொடங்கிய அதே அக்டோபர். கானாவின் நிதியமைச்சர் கொம்லா பெடெமா, டெலவேரின் டோவர் நகரில் ஓர் உணவகத்தில் இரண்டு ஆரஞ்சுச் சாறு கேட்டுப் பணம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே போய்க் குடியுங்கள், கறுப்பர்கள் உள்ளே உட்காரக்கூடாது என்றார்கள். சாறும் வேண்டாம், சில்லறையும் வேண்டாம் என்று வைத்துவிட்டு வெளியேறினார். உங்கள் துணை அதிபர் நிக்சன் கானாவுக்கு வந்து என் வீட்டில் சாப்பிடலாம், இங்கே சாலையோர உணவகத்தில் எனக்கு இந்த நிலையா என்று கேட்டார். உடனே ஐசனோவர் அவரை வெள்ளை மாளிகைக்குக் காலை உணவுக்கு அழைத்தார். இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு: 1955-ல் ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் நம் தூதர் ஜி.எல். மேத்தாவை வேறு அறைக்குப் போகச் சொன்னார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் மன்னிப்புக் கேட்டார்.

பனிப்போர் கறுப்பின மக்களுக்குக் கைகொடுத்தது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை. அதே பனிப்போர் அவர்களின் வாயையும் அடைத்தது. கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் வெளிநாடுகளில் அமெரிக்க நிறவெறியைப் பற்றிப் பேசினார், ஆப்பிரிக்க விடுதலைக்குக் குரல் கொடுத்தார். 1950-ல் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்கள். எட்டு ஆண்டுகள் அவர் கடல் கடக்க முடியவில்லை. 1957 மே மாதம், லண்டனில் ஓர் அரங்கு நிறையக் கூட்டம் காத்திருக்க, அவர் நியூயார்க்கில் இருந்தபடி அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே பாடினார். மேடையில் ஆள் இல்லை, ஒலிபெருக்கியில் குரல் மட்டும். ஒரு மனிதரின் குரலுக்கு அரசு இவ்வளவு அஞ்சியிருக்கிறது.

[காட்சி: மீண்டும் ரூட் 40. சாலையோரப் பெயர்ப்பலகைகள்.]

சாட் தூதருக்கு நேர்ந்ததைக் கேட்ட கென்னடியின் முதல் எதிர்வினை, அந்தத் தூதர்களை விமானத்தில் போகச் சொல்லுங்கள் என்பதாகவே இருந்தது என்று அவருடைய அரசுமுறை வரவேற்புத் துறைத் தலைவர் ஆஞ்சியர் பிடில் டியூக் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆனால் இழப்பு என்னவென்று வெளியுறவுத் துறைக்குத் தெரிந்திருந்தது. ஐ.நா.வில் ஒவ்வொரு ஆப்பிரிக்க நாட்டுக்கும் ஒரு வாக்கு உண்டு. பெட்ரோ சான்ஹுவான் என்ற அதிகாரியின் பொறுப்பில் தனிப் பிரிவு ஒன்று இயங்கியது. அவர்கள் ரூட் 40-ன் உணவக உரிமையாளர்களைத் தேடிப்போய், நாட்டின் மானம் உங்கள் கையில் இருக்கிறது என்று மன்றாடினார்கள்.

அந்த ஆகஸ்ட் மாதத்தில் பால்டிமோரின் ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ பத்திரிகை நிருபர்கள் மூன்று பேர் ஒரு வேலை செய்தார்கள். மூவரும் உள்ளூர்க் கறுப்பர்கள். ஒருவர் ஆப்பிரிக்க அங்கி அணிந்துகொண்டார். மற்ற இருவர் அரசு விருந்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டார்கள். வாடகைக்குப் பெரிய கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, ‘கோபன்’ நாட்டுப் பிரதிநிதிகள் என்று சொல்லிக்கொண்டு ரூட் 40-ல் இறங்கினார்கள். கோபன் என்று ஒரு நாடு உலகில் எங்கும் இல்லை. சில இடங்களில் அப்போதும் கதவு திறக்கவில்லை. ஆனால் சில உணவகங்களில் மேசை கிடைத்தது, மரியாதையாகப் பரிமாறினார்கள். அதே மனிதர்கள், அதே தோல். மாறியது அங்கியும் காரும்தான். எத்தனையோ ஆய்வறிக்கைகள் சொல்ல முடியாததை ஒரு நாள் பயணத்தில் அவர்கள் நாட்டுக்குக் காட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு போராட்டக்காரர்கள் விடவில்லை. ‘கோர்’ என்று அறியப்பட்ட இனச் சமத்துவ அமைப்பு, நவம்பரில் ரூட் 40 முழுவதும் தொண்டர்களை இறக்கப்போவதாக அறிவித்தது. தூதருக்கு மட்டும் சோறு போட்டால் போதாது, எல்லோருக்கும் போட வேண்டும் என்பதே கோரிக்கை. பல உணவகங்கள் இறங்கிவந்தன. இறங்கி வராதவற்றின் வாசலில் மாணவர்கள் மறியல் செய்து கைதானார்கள். அரசு உலகத்தின் பார்வைக்கு அஞ்சியது உண்மை. அந்த அச்சத்தைப் பிடித்து இழுத்து, சொந்த மக்களுக்கான உரிமையாக மாற்றியது இவர்கள் பட்ட பாடு.

[காட்சி: பர்மிங்காம், 1963 மே. போலீஸ் நாய், தண்ணீர்க் குழாய், சிறுவர்கள்.]

அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில், நிறப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களை ஏவிய படங்கள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. அதே மாதம் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடியிருந்தார்கள். உகாண்டாவின் பிரதமர் மில்டன் ஒபோட்டே அங்கிருந்தே கென்னடிக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். ஜூன் 11 இரவு கென்னடி தொலைக்காட்சியில் பேசினார். வியட்நாமுக்கோ மேற்கு பெர்லினுக்கோ அமெரிக்கர்களை அனுப்பும்போது வெள்ளையர் மட்டும் போதும் என்று நாம் கேட்பதில்லையே என்றார். எல்லோருக்கும் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்டத்தைக் கொண்டுவரப்போவதாகவும் அறிவித்தார்.

நவம்பர் 14-ஆம் தேதி டெலவேர்–மேரிலாந்து எல்லையில் புதிய விரைவுச் சாலையை அவரே திறந்துவைத்தார். வாஷிங்டன் போகிறவர்கள் இனி ரூட் 40-ஐத் தொடவே வேண்டாம். எட்டு நாள் கழித்து டல்லஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அறிவித்த சட்டத்தில், அடுத்து அதிபரான ஜான்சன் கையெழுத்திட்டது 1964 ஜூலை 2 அன்று. உணவகம், விடுதி, திரையரங்கு எதிலும் நிறம் பார்த்து மறுக்கக்கூடாது என்றது அதன் இரண்டாம் பிரிவு. தூதர் என்ற சொல் அங்கே தேவைப்படவில்லை. ‘எல்லா மனிதர்களும்’ என்றே அது தொடங்குகிறது.