பவுலுக்கு ஒரு பர்னபா

(பாளையங்கோட்டையில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் நடந்த கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் குருவானவர் அவர்களே, அழைத்தவுடன் அன்போடு வந்திருக்கும் கத்தோலிக்கப் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும், சுற்றுச் சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிப் பெரியவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, பாடல் குழுப் பிள்ளைகளே, சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மாமன்ற உறுப்பினருக்கு இன்னொரு விழா காத்திருக்கிறது, ஆனாலும் உட்கார்ந்திருக்கிறார். மைக் செட்டை வாடகை வாங்காமல் தந்த அண்ணாச்சி தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். அதனால் சொல்லவில்லை. நன்றி அண்ணாச்சி.

பாவமன்னிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று காரியங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். பழைய பாவத்தைத் தேவன் எப்படி மன்னிக்கிறார் என்பது ஒன்று. மன்னிப்புப் பெற்றவனைச் சபை எப்படி நடத்துகிறது என்பது இரண்டு. செய்த பாவத்தை நினைத்து நினைத்து நாமே நம்மை வதைத்துக்கொள்கிறோமே, அது மூன்று.

முதலாவதில் உங்களுக்குச் சந்தேகமே கிடையாது. மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் நம் பாவங்களை விலக்கினார் என்று 103ஆம் சங்கீதம் சொல்கிறது. சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிடுவார் என்கிறார் மீகா தீர்க்கதரிசி. சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் எடுத்தானா? காணிக்கை போட்டானா? கமிட்டிக்கு மனு எழுதினானா? ஒன்றும் இல்லை. 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசில் இருப்பாய்' என்று சொல்லிவிட்டார் ஆண்டவர். கத்தோலிக்கச் சகோதரர்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் சொல்கிறார்கள், நாம் ஆராதனையில் எல்லாருமாகப் பாவ அறிக்கை செய்கிறோம். மன்னிக்கிறவர் ஒருவர்தான். பங்குத்தந்தை தலையாட்டுகிறார், நன்றி ஃபாதர்.

"அப்போ இஷ்டத்துக்குச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் போதுமா சார்?" என்று வாலிபர் கூட்டங்களில் கேட்பார்கள். இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயுவைப் பாருங்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். மன்னிப்பு இலவசம்தான், ஆனால் பறித்த சொத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அது உத்தரவு தராது.

சரி, இரண்டாவதுக்கு வருகிறேன். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்றார் ஔவைப் பாட்டி. எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். சபையைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்த சவுலை, அதாவது பின்னால் பவுல் ஆனவரை, ஆண்டவர் தமஸ்கு சாலையில் சந்தித்தார், மன்னித்தார். தமஸ்குவில் இருந்த சீஷர் அனனியாவும் பயந்துகொண்டே போய், "சகோதரனாகிய சவுலே" என்று கூப்பிட்டுவிட்டார். அப்புறம் எருசலேமுக்குப் போனால் சீஷர்கள் யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. இயேசுவுக்குச் சாட்சி சொன்ன ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது கல்லெறிந்தவர்களின் துணிக்குக் காவல் நின்றவன் அல்லவா? கடைசியில் பர்னபா என்ற சகோதரர் வந்து சவுலைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனார். பர்னபா வராவிட்டால் பவுலுக்குச் சபையில் உட்கார இடமில்லை.

நம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். கேரளத்தில் பெரும்பாவூர் பக்கம் புல்லுவழி என்று ஓர் ஊர். அங்கே பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்தார். நிலமில்லாத கூலிகளைக் கூட்டி, அரசு தரும் உதவியை நீங்களே கேட்டு வாங்குங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். வட்டிக்கு விடுகிறவனுக்கு இது பிடிக்குமா? 1995 பிப்ரவரி 25, இந்தூருக்குப் போகும் பஸ். சமுந்தர் சிங் என்ற இளைஞன் கத்தியை எடுத்தான். உடம்பில் 50க்கும் மேற்பட்ட காயங்கள். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள், ஐயா! பஸ் நிறைய ஆட்கள்! ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை.

ஆயுள் தண்டனை. இறந்தவரின் தங்கை செல்மி பாலும் ஒரு கன்னியாஸ்திரி. 2002இல் ரக்‌ஷா பந்தன் சமயத்தில் அந்தச் சிறைக்குப் போனார். நம் பக்கம் ராக்கி கட்டும் பழக்கம் அதிகம் இல்லை. வடக்கே கயிற்றைக் கட்டிவிட்டால் நீ என் அண்ணன். அக்காவைக் குத்திய அதே கையில் கட்டினார்! குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை. இந்தப் பெண் குற்றம் செய்தவனையே சுற்றமாக்கிக்கொண்டார். அதோடு விட்டார்களா? அவனை வெளியே விடுங்கள் என்று குடும்பமே எழுதிக்கொடுத்தது. 2006இல் விடுதலை. பிறகு சமுந்தர் சிங் புல்லுவழி வீட்டுக்கே வந்தார். ராணி மரியாவைப் பெற்ற தாய் அவர் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். என்னால் முடியுமா? தெரியாது. 2017இல் திருச்சபை ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தது. அந்தத் தாய்க்கும் ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது நம்மூருக்கு வருவோம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மத்திய சிறை இருக்கிறது. பாட்டும் ஜெபமுமாக உள்ளே போய் "இயேசு மன்னிக்கிறார்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அதை நம்பி ஒருவர் தண்டனை முடிந்து வெளியே வந்தார். ஒரு சபை வளாகத்தில் இரவுக் காவலர் வேலை காலியாக இருந்தது. எந்தச் சபை என்பது வேண்டாம். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தேநீர் கொடுத்தார்கள், ஜெபித்தார்கள், "கேட் சாவியைக் கொடுப்பதற்குத்தான் யோசனையாக இருக்கிறது" என்றார்கள். தமிழ்நாடு சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்திக் கைதிகளையே அங்கே வேலைக்கு நிறுத்தியிருக்கிறது. அரசாங்கம் பெட்ரோல் பங்க்கையே நம்பிக் கொடுக்கிறது, நாம் ஒரு கேட் சாவிக்கு யோசிக்கிறோம்! ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது பவுல் என்ன எழுதினார்? அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்றார். எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆட்கள். ஒரு சேகரம் வருஷத்துக்கு ஒருவருக்கு வேலை கொடுக்கட்டும், வாடகை வீடு பார்க்கும்போது கூடப் போய் "இவர் எங்கள் ஆள்" என்று சொல்லட்டும். இதைச் செய்யாமல் லெந்து நாளில் கறி சாப்பிடாமல் இருந்து என்ன பிரயோஜனம்? குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை, ஐயா!

தலைவர் மணி அடித்துவிட்டார். மூன்றாவது காரியத்தை அடுத்த லெந்துக்குக் கூப்பிட்டால் பேசுகிறேன். தேநீர் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் பெயர், சேகரம், என்ன வேலை கொடுக்க முடியும், மூன்றையும் எழுதுங்கள். தையலும் தச்சும் தெரிந்தவர்கள் வெளியே வர இருக்கிறார்கள். முதல் பக்கத்தைக் கமிட்டிப் பெரியவர்களுக்கென்று விட்டிருக்கிறேன்; பேனாவும் அங்கேயே கட்டித் தொங்குகிறது.