ஹார்ட் டிஸ்க்கை மாத்துனா என் ஃபான்ட் எல்லாம் போயிடுங்களா?

சரிங்க, அடுத்த கேள்வி. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காங்க. வீட்டுல உக்காந்தே டி.டி.பி. வேலை பண்றாங்க. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸு, தமிழ்லயும் வரும், மலையாளத்துலயும் வரும். கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டுக் காப்பி வெச்சுக் குடிச்சுட்டு வந்தாலும் விண்டோஸ் வந்து நிக்கமாட்டேங்குதாம். உள்ள இருக்கறது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடையில 480 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுத்தற தட்டு இல்லாம சிப்புல சேமிக்கற டிஸ்க்கு போட்டு, விண்டோஸ் புதுசா ஏத்தித் தர்றேன்னாங்களாம். பையன் என்விஎம்இங்கற இன்னும் வேகமான எஸ்எஸ்டிதான் போடோணும்ங்கறானாம். "எதைப் போடறது, என் ஃபான்ட் எல்லாம் போயிடுங்களா?"ன்னு கேக்கறாங்க.

பையன் சொன்னதை முதல்ல முடிச்சுக்கலாம். அக்கா, நீங்க அனுப்புன போட்டோவுல மதர்போர்டு மேல எச்61ன்னு போட்டிருக்குது. அந்தக் காலத்து போர்டுங்க, என்விஎம்இயைச் சொருகற எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் அதுல வராது. ஹார்ட் டிஸ்க் மாதிரியே ஒயர்ல மாட்டற 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். இந்த போர்டுல அதோட முழு வேகம் கிடைக்காது, பாதிதான் வரும். இருந்தாலும் கவலைப்படாதீங்க. ஹார்ட் டிஸ்க்குல ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் ஊசி நகர்ந்து போய்த் தேடோணும். விண்டோஸ் எந்திரிக்கறப்ப ஆயிரக்கணக்குல அப்படித் தேடுது, அங்கதான் உங்க காப்பி நேரம் போகுது. எஸ்எஸ்டியில நகர்றதுக்கே ஒண்ணும் இல்லை.

இப்ப ஃபான்ட்டுக்கு வரலாம். உங்க பயம் நியாயமானதுங்க. பத்திரிகை ஃபைலெல்லாம் டி டிரைவுல இருந்தாலும் ஃபான்ட்டு சி டிரைவுல, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள கிடக்குது. தமிழுக்குப் போடற பாமினியோ, மலையாளத்துக்குப் போடற எம்எல்-டிடி கார்த்திகாவோ, ரெண்டும் யூனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு இல்லை. இங்கிலீஷ் எழுத்து மேல நம்ம எழுத்தோட உருவத்தை ஏத்தி வெச்சது. புதுசா விண்டோஸ் ஏத்தி, ஃபைலைத் திறந்தீங்கன்னா "அம்மா"ங்கற இடத்துல எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, எச்னு நிக்கும். ஃபான்ட்டையாவது தேடிப் புடிச்சுப் போட்டுக்கலாம். ஆனா பத்திரிகை போடற பேஜ்மேக்கர் மாதிரி சாஃப்ட்வேரும் சேர்ந்து போயிடும், அதோட சிடியும் நம்பரும் இன்னைக்கு யாருகிட்ட இருக்குது, சொல்லுங்க பார்ப்போம்? அதனால உங்களுக்கு குளோனிங்தான் சரி. இருக்கறதை அப்படியே புது டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கறது.

இங்க ஒரு சிக்கல் இருக்குது. உங்க 500 ஜிபி, கம்ப்யூட்டர்ல 465ன்னு காட்டும். கடைக்காரர் சொன்ன 480 ஜிபி, 447ன்னுதான் காட்டும். குளோன் பண்ற குளோன்ஸில்லாங்கற இலவச சாஃப்ட்வேர் சின்ன டிஸ்க்குக்கு அப்படியே மாத்த ஒத்துக்காது. பார்ட்டிஷனை, அதான் சி, டின்னு பிரிச்சு வெச்ச பகுதியை, சுருக்கிச் செய்யலாம், ஆனா உங்களுக்கு எதுக்குங்க அந்த வேலை? 512 ஜிபி வாங்குங்க, அது 476ன்னு காட்டும், தாராளமா உக்காரும். கோயமுத்தூர் போனாலும் பாலக்காடு போனாலும் ஜிஎஸ்டி ஒண்ணுதான், அதனால வாரண்டிக்கு அலைய எது பக்கமோ அங்க பில்லுப் போட்டு வாங்குங்க.

குளோன் பண்றதுக்கு முன்னாடி கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்குது, அதைப் போட்டுப் பாருங்க. நீலத்துல "குட்"னு வந்தா மேல போகலாம். மஞ்சள்ல "காஷன்"னு வந்தா டிஸ்க்குல செக்டர் கெட்டுப் போக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அப்ப குளோனை விட்டுட்டு, பத்திரிகை ஃபைலையும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் உடனே பென் டிரைவுக்கு மாத்துங்க. முழு டிஸ்க்கையும் மணிக்கணக்குல படிக்கவெச்சா, சாகக் கிடக்கறது பாதி வழியிலயே போயிடும். சொல்லப்போனா, நீலம் வந்தாலும் இந்தக் காப்பியை எடுத்து வெச்சுட்டே ஆரம்பிங்க. ஏன்னா குளோன் பண்றப்ப எதுல இருந்து எதுக்குன்னு கேக்கும். அங்க மாத்திக் குடுத்துட்டீங்கன்னா காலி டிஸ்க்கு வந்து உங்க டிஸ்க்கை அழிச்சுரும். கம்பெனிப் பேரு, மாடல் நம்பர் ரெண்டையும் படிச்சுட்டு எண்டர் தட்டுங்க. துலாவர்ஷத்துல, அதான் ஐப்பசி மழையில, இடி இடிக்கற சாயங்காலமா பார்த்து இதுல உக்காராதீங்க, யுபிஎஸ்ல பேட்டரி நிக்குதான்னும் பார்த்துக்கோங்க.

முடிஞ்சதும் ஆஃப் பண்ணி, பிளக்கைப் புடுங்கிட்டு, பழைய டிஸ்க்கோட ஒயரைக் கழட்டிடுங்க. முதல் தடவை எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கோணும். ரெண்டுக்கும் ஒரே அடையாள நம்பர் இருக்கறதால விண்டோஸ் குழம்பிக்கும். கேபினெட்டுல எஸ்எஸ்டிக்கு இடம் இல்லைன்னா ஒரு பக்கம் ஸ்க்ரூ போட்டாலே போதும், சுத்தறது எதுவும் உள்ள இல்லை.

பழைய டிஸ்க்கை ஒரு மாசம் அழிக்காம வைங்க. தமிழ் பத்திரிகை ஒண்ணு, மலையாளப் பத்திரிகை ஒண்ணு திறந்து, பிரிண்ட் எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் ஃபார்மேட் பண்ணிக்கலாம்.

இன்னொண்ணு, இந்த போர்டுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னுருச்சு. பேங்க் வேலையெல்லாம் போன்லயே பார்த்துக்கோங்க அக்கா.

அடுத்து வேலந்தாவளத்துல இருந்து ஒரு தம்பி, பிரிண்டர்ல கோடு விழுதுன்னு கேட்டிருக்காரு.